இரண்டு பூஜ்யங்கள்

காலை ஐந்தே முக்கால். மைனஸ் இருபத்தேழு.
பள்ளி வண்டி என் மூச்சைக் கேட்கிறது.
குழலில் ஊதுகிறேன், விடாமல் ஐந்து நொடி.
கருவி யோசிக்கிறது.
பூஜ்யம் புள்ளி பூஜ்யம் பூஜ்யம்.
அதன் பிறகுதான் டீசல் தீப்பிடிக்க அனுமதி.
நுர்மெஸ்ஸில் பிள்ளைகளை ஏற்றும் எவருக்கும் இது சட்டம்.
எனக்கு அதற்கு மேலும் கொஞ்சம்.

சனிக்கிழமை குவொப்பியோவிலிருந்து பிஹ்லா வந்தாள்,
பல்கலைக்கழக முத்திரை போட்ட பெட்டியும்
ஆளுயரத் துரப்பணமுமாக.
என் வீட்டுக் குட்டைமேல் அறுபது சென்டிமீட்டர் பனிக்கட்டி.
மாறி மாறித் திருகினோம்.
பாதியில் என் தோள் எரிந்தது.
"தசைக்குக் காற்று பத்தவில்லை, ரைலி.
அரைவேக்காட்டிலேயே அடுப்பிலிருந்து இறக்குகிறது" என்றாள்.

துளையிலிருந்து அழுகிய முட்டை நாற்றம்.
ஆக்சிஜன் அளக்கும் கம்பியை இறக்கினாள்.
அதிலும் பூஜ்யம்.
"நவம்பரிலேயே தீர்ந்திருக்கும்."
"அப்படியானால் உள்ளே எல்லாம் செத்திருக்கும்" என்றேன்.
அவள் கூண்டை இழுத்தாள்.
ஒரு ரூத்தனா.
பழைய வெண்கல நிறம், தடித்த முதுகு,
தூக்கம் கலையாதவன் போர்வையை இழுப்பதுபோல்
துடுப்பை ஒருமுறை அசைத்தது.

கோடையில் தின்றதையெல்லாம்
ஈரலில் கட்டி வைத்திருக்கிறதாம்,
சர்க்கரையோடு சர்க்கரை கோத்த கிளைகளாய்.
காற்று இருந்தால் ஒரு சர்க்கரையைக்
கடைசிக் கரி வரை எரித்து
முப்பது காசு பார்க்கலாம்.
இல்லாத இடத்தில்
ஆறு கரியின் சங்கிலியை நடுவில் ஒடித்து
இரண்டே காசோடு எழுந்துவிட வேண்டும்.
பேருந்தைப் பிடிக்க ஓடும்போது நாமும் அதைத்தான் செய்கிறோம்.
மிஞ்சுவது அமிலம்.
நமக்கு அது ஒரு நிமிட எரிச்சல்.
ஐந்து மாதம் அதில் ஊறினால் எந்த இதயமும் நின்றுவிடும்.

"இது மட்டும் என்ன செய்கிறது?"
பிஹ்லா மீனை வாளியில் விட்டபடி சொன்னாள்:
"சாராயம் காய்ச்சுகிறது."

அவள் சிரித்தாள். அவளுக்குத் தெரியாது.

மூளையிலும் இதயத்திலும் ஊறும் அமிலம்
ரத்தத்தில் ஏறிச் சதைக்கு வருமாம்;
சதை அதைச் சாராயமாக்குமாம்.
"இந்த ஆளிடம் உங்கள் வண்டியைக் கொடுக்க முடியாது.
அளவைத் தாண்டித்தான் இருப்பான், குளிர்காலம் முழுக்க."
நான் வாளியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
"பிறகு எப்படி உயிரோடு..."
"வைத்துக்கொள்வதில்லையே.
செவுள் வழியாக விட்டுக்கொண்டே இருக்கிறது,
பகலும் இரவும்."

வெளியே போவது சாம்பல் இல்லை.
இன்னும் எரியக்கூடிய விறகு.
ஒரு கோடை முழுக்கச் சேற்றைக் கிளறிச் சேர்த்ததில்
பெரும்பங்கை அப்படியே தண்ணீருக்குக் கொடுத்துவிட்டு
இரண்டு காசில் நாளை ஓட்டுகிறது.
வசந்தம் தாமதித்தால் ஈரல் காலி.
அதற்கு மேல் எந்தத் தந்திரமும் இல்லை.

எட்டு வருஷம், நாலு மாசம்.
சமையலறைத் தொட்டியில் நான் கவிழ்த்த கடைசி புட்டி
முக்கால் நிறைந்திருந்தது.
விலை கூட ஞாபகம் இருக்கிறது.
பிஹ்லாவிடம் அதைச் சொல்லவில்லை.
காபி போட்டுக் கொடுத்தேன்,
அவள் மூன்று கட்டி சர்க்கரை போட்டுக்கொண்டாள்.

திங்கட்கிழமை. கருவி பூஜ்யம் சொல்லிவிட்டது.
முதல் நிறுத்தத்தில் எமெலி ஏறுகிறான்,
வாயில் பாதி ஏலக்காய் பன், தொப்பியில் பனி.
பன் தின்பதும் பேசுவதும் ஒன்றாகவே நடக்கிறது.
உதட்டில் ஒட்டிய சர்க்கரை உள்ளே போய்
எத்தனை காசாக மாறுமோ,
எரிந்து முடிந்ததில் கொஞ்சம்
அவன் மூச்சோடு வந்து
என் கண்ணாடியில் ஆவியாய்ப் படிகிறது.
கைவிளிம்பால் துடைக்கிறேன்.
பாதை தெரிய வேண்டும்.